ஏழு பிணங்களும் மூடாத குழிகளும்

டெரிக் சிலெட் எழுதிய நாவலில் ஏழு பேர் கொலையாகிறார்கள். அதில் ஒருவர் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் சாது. ஒருத்தி, வாசலில் நின்றவனை உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்த கைம்பெண். வயல்களில் புதைந்த பழைய காசையும் கொக்கியையும் கருவியால் தேடித் தோண்டும் தோர்ன்ஃபீல்ட் உலோகத் தேடல் சங்கத்தில் டெரிக்கும் ஓர் உறுப்பினர். இந்த ஏழு பேருக்காகவும் அங்கே ஒருவர்கூடக் கண் கலங்கவில்லை. அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியாமல் போனது வேறொன்று. கொலைகாரன் தான் தோண்டிய குழியை மூடாமல் போய்விடுகிறான்.

நாவலின் பெயர் 'ஏழாவது மோதிரம்'. வெளிவந்த வாரமே இணையக் கடையில் முதல் விமர்சனம் வந்து விழுந்தது. ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். 'லியோனார்ட் புல்வெளியில் குழி தோண்டுகிறான், செத்தவரின் மோதிரத்தை உள்ளே போடுகிறான், முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து போகிறான். இதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.' அடுத்தது: 'இவனைத் தூக்கில் போட வேண்டும். கொலைக்காக அல்ல.' மூன்றாவதை எழுதியவர் கொஞ்சம் நியாயஸ்தர். இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்தார். புத்தகம் சொன்ன நாளில் வந்து சேர்ந்ததாம்.

டெரிக்குக்குப் பகை புதிதல்ல. ஓய்வு பெறும்வரை ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்தவர். சஃபோக் மாவட்டத்தில் பாதிப் பேரை ஃபெயிலாக்கியவர். காய்கறிக் கடையில் உருளைக்கிழங்கு பொறுக்கும்போது முதுகில் வந்து குத்தும் பார்வைக்கெல்லாம் அவர் தோல் எப்போதோ தடித்துவிட்டது. ஆனால் அப்போது திட்டியவர்கள் காரை விட்டு இறங்கி, கதவைச் சாத்திவிட்டுத்தான் திட்டினார்கள். இவர்கள் உலகமே பார்க்கும்படி எழுதித் திட்டினார்கள். ஒவ்வொரு திட்டுக்கும் கீழே கடைக்காரன் வேறு, 'இந்த விமர்சனம் உங்களுக்கு உதவியதா?' என்று பணிவாகக் கேட்டிருந்தான். நிறையப் பேருக்கு உதவியிருந்தது.

அவரைச் சுட்டது என்னவென்றால், அவர்கள் சொன்னது சரி. முதலில் எழுதியபோது லியோனார்ட் குழியை மூடத்தான் செய்தான். போலீஸ்காரர்கள் மேலேயே நடந்து போனாலும் கண்டுபிடிக்க முடியாதபடி அழகாக மூடினான். அதில்தான் திகிலே இருக்கிறது என்று டெரிக் நினைத்திருந்தார். லண்டனிலிருந்து ஃபெலிசிட்டி என்ற பதிப்பாசிரியை தொலைபேசியில் வந்தாள். மூடிய குழியை வாசகர் எப்படிப் பார்ப்பார், திறந்து வையுங்கள், இருட்டாக வாயைப் பிளந்துகொண்டு இருக்கட்டும் என்றாள். டெரிக் கொஞ்சமும் வாதாடவில்லை. ஒரே மத்தியானத்தில் எல்லாக் குழிகளையும் திறந்துவிட்டார். புத்தகம் அச்சில் வரவேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதனின் முதுகெலும்பு எவ்வளவு நன்றாக வளையும் என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது.

சங்கத்தின் மாதக் கூட்டம் ஊர் மன்றத்தில் நடக்கும். நீள மேசையில் அந்த மாதம் கிடைத்தவற்றைப் பரப்பி வைப்பார்கள்: செருப்புப் பட்டைக் கொக்கி, துப்பாக்கி ஈயக் குண்டு, யாரோ ஒரு ராஜாவின் தேய்ந்த மூக்கு தெரியும் காசு. அதைச் சுற்றி நின்று பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். எங்கே கிடைச்சுது? எல்லாருக்கும் ஒரே பதில்தான். மண்ணுல. யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பொருளைக் காட்டலாம், வயலைக் காட்டக் கூடாது. நிலத்துக்காரர் மனமிரங்கிக் கதவைத் திறந்துவிட்ட வயல் அது. பெயர் வெளியே போனால் அடுத்த வாரமே கண்ட கண்ட ஆட்கள் வேலி தாண்டி நிற்பார்கள். மனைவியிடமே சொல்லாதவர்கள் சங்கத்தில் இருந்தார்கள்.

அந்த மாதம் டெரிக் உட்கார்ந்த நாற்காலிக்கு இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. டீ ஊற்றும் பொறுப்பு பிரெண்டா லிங்குடையது. அவர் கோப்பையை அவள் பாதிதான் நிரப்பினாள். மீதியைப் பற்றிக் கேட்டதற்கு, அதைத் திறந்தே விட்டுவிட்டதாகச் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் தங்கள் கோப்பைக்குள் பார்த்துச் சிரித்தார்கள்.

இதையெல்லாம் டெரிக் தாங்கிக்கொண்டிருப்பார். அவர் காத்திருந்தது ஒரே ஒருவருடைய தீர்ப்புக்கு. சங்கத் தலைவர் மாரிஸ் நன் இன்னும் படித்து முடிக்கவில்லை.

மாரிஸ்தான் டெரிக்கின் சிநேகிதர். 'சிநேகிதர்களில் ஒருவர்' என்று எழுதினால் கௌரவமாக இருக்கும், ஆனால் கணக்கு அங்கே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். ஃபெயிலாக்கும் உத்தியோகத்தில் இருப்பவனை யாரும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதில்லை. மாரிஸ் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் வேனை நிறுத்தி ஹாரன் அடிப்பார். இருவரும் வயலின் இரு முனையிலிருந்து ஆளுக்கொரு கருவியோடு நடந்து நடுவில் சந்திப்பார்கள். மாரிஸ் தன் கருவியை 'மகாராணி' என்று கூப்பிடுவார். பிளாஸ்கின் விரிசலுக்கு நீல டேப் ஒட்டியிருப்பார். கோட்டுப் பையில் ஒரு டப்பாவில் வினிகரில் ஊறிய வெங்காயம் வைத்திருந்து, கருவியில் மணியடிக்கிற சத்தம் வரும்போதெல்லாம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டுதான் தோண்ட உட்காருவார்.

லியோனார்டும் அப்படித்தான். டேப், வெங்காயம், மகாராணி எல்லாம் உண்டு. ஒரு பாத்திரத்தைப் படைக்கும்போது உலகத்தில் தனக்கு மிகவும் பிடித்த மனிதனின் பழக்கங்களை டெரிக் அதற்குக் கொடுத்தார். அவன் ஏழு பேரைக் கொல்பவன் என்பது எழுதும்போது பெரிதாகத் தோன்றவில்லை.

மாரிஸின் விமர்சனம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ஒரு நட்சத்திரம். கீழே ஒரு வார்த்தைகூட இல்லை. அந்த ஞாயிறு டெரிக் பூட்ஸைக் கட்டிக்கொண்டு சாப்பாட்டு டப்பாவோடு ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். ஹாரன் அடிக்கவில்லை.

மறுநாள் அவரே போனார். மாரிஸ் கொட்டகையில் ஒரு பித்தளைப் பொத்தானைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வெங்காயத்துக்கு மன்னிச்சுடு மாரிஸ்" என்றார் டெரிக்.

"எந்த வெங்காயம்?"

"லியோனார்ட் திங்கற வெங்காயம். அது உன்னோடது. பிளாஸ்க்கும் உன்னோடது. கேக்காம எடுத்துட்டேன்."

"அது நான்தான்னு எனக்குத் தெரியாதா? முதல் பக்கத்துலயே தெரிஞ்சு போச்சு. என் அக்கா போன் பண்ணி, உன்னப் புத்தகத்துல போட்டிருக்காங்கன்னு சந்தோஷப்பட்டா. அந்தப் புத்தகத்துலயே வேல தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்."

"அப்ப குழியா?"

"குழிக்கு ஒண்ணரை ஸ்டார் குறைச்சிருப்பேன்."

"பின்ன ஏன்டா ஒண்ணு?"

மாரிஸ் பிரஷைக் கீழே வைத்தார். பொத்தானை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, எதிரில் இருப்பவனுக்கு நோய் என்று சொல்ல வந்த மருத்துவரின் குரலில் சொன்னார்.

"நாப்பத்தோராம் பக்கம். இடி விழுந்து ரெண்டாப் பொளந்த ஓக் மரம். அதுக்குப் பின்னால கூரையில்லாத தேவாலயம். வலது பக்கம் தண்ணித் தொட்டி. இது மூணும் ஒண்ணாத் தெரியற வயல் சஃபோக்ல எத்தனடா இருக்கு?"

ஒன்றுதான் இருக்கிறது. மிஸஸ் போரெட்டின் மேய்ச்சல் வயல். பல வருஷம் மாரிஸ் அந்த அம்மாளின் வேலிக்கதவைச் செப்பனிட்டு, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போய்த் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, சங்கத்துக்காக வாங்கிய அனுமதி. நல்ல இடம் வேண்டும் என்று நினைத்தபோது டெரிக்கின் மனதில் அது ஓடி வந்து நின்றது. அவர் பார்த்தபடியே எழுதிவிட்டார்.

"அத ஏன் விமர்சனத்துல எழுதல?"

"எழுதினா? ஆமாம்மா, நிஜமாவே இருக்கிற வயல்தான் வாங்கன்னு நானே பத்திரிகை வெச்ச மாதிரி ஆயிடாதா? சத்தம் போடாம என்னால போட முடிஞ்சது ஒரு நட்சத்திரம்தான்." மறுபடி பிரஷை எடுத்துக்கொண்டார். "கதவச் சாத்திட்டுப் போ. குளுருது."

டெரிக் வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம், அந்தப் புத்தகத்தைப் படித்தவர்களே கொஞ்சம் பேர், அதிலும் பாதிப் பேர் குழியோடு நிறுத்திவிட்டார்கள், நாற்பத்தோராம் பக்கம்வரை யார் வந்திருக்கப் போகிறார்கள் என்று தேற்றிக்கொண்டார். வேறெந்த எழுத்தாளனும் இப்படியொரு ஆறுதலைத் தேடியிருக்க மாட்டான்.

ஆனால் புத்தகத்தின் கடைசிப் பக்கம் அவருக்கு நினைவுக்கு வந்தது. கதையில் ஆறு மோதிரங்கள் கிடைத்துவிடும், ஏழாவது கிடைக்காது. அதற்குக் கீழே பதிப்பகத்தார் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: 'வயல் உண்மையில் இருக்கிறது. ஏழாவது மோதிரம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.' ஃபெலிசிட்டி கேட்டபோது, அதற்கும் அவர் சரியென்றுதான் சொன்னார்.

கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அத்தனை ஒற்றை நட்சத்திரங்களுக்கு நடுவில் ஒரே ஒரு ஐந்து நட்சத்திரம் இருந்தது. 'புதையல் ஜோடி' என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார்கள். 'இந்த ஆண்டின் சிறந்த நாவல். இரண்டு முறை படித்துவிட்டோம். வரைபடத்தை விரித்து வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறோம். வயலைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டோம்!' டெரிக் அதை மனப்பாடமாகவே வைத்திருந்தார். தபால்காரரிடம் காட்டியிருந்தார். காலையில் பல் துலக்கும்போது அதை ஒருமுறை முணுமுணுத்தால் மற்றவர்கள் சொல்வதைப் பகல் பூராவும் தாங்க முடிந்தது.

ஃபெலிசிட்டிக்குத் தொலைபேசி செய்து அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். அவளோ குதூகலமாக இருந்தாள். ஜனங்கள் தேட ஆரம்பித்துவிட்டார்கள், இதற்குத்தானே போட்டோம், நீங்கள் ஏன் குரல் கம்மப் பேசுகிறீர்கள், ஜலதோஷமா என்று விசாரித்தாள்.

பயந்தது அந்த வார முடிவிலேயே நடந்தது. மிஸஸ் போரெட் மாரிஸைக் கூப்பிட்டார். மாரிஸ் சங்கத்தைக் கூப்பிட்டார். டெரிக்கை யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் போனார். வேலிக்கு வெளியே எல்லாரும் வரிசையாக நின்றிருந்தார்கள். உள்ளே, பிளந்த ஓக் மரத்திலிருந்து ஓடைவரைக்கும் புல்வெளி முழுவதும் குழிகள். புல்லை மண்வெட்டியால் கொத்திப் பிய்த்து நாலாப் பக்கமும் எறிந்திருந்தார்கள். ஒரு குழியும் மூடப்படவில்லை. ஒரு ஆடு கால் வழுக்கி விழுந்து, முன்னங்காலில் கட்டோடு கொட்டகையில் கிடந்தது.

ஒருவரும் டெரிக்கைத் திட்டவில்லை. பிரெண்டா மட்டும் வேலியில் சாய்ந்தபடி வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ எழுதின மாதிரியே இருக்கு டெரிக். வர்ணனை பிரமாதம்."

மிஸஸ் போரெட் சங்கிலியைக் கொண்டுவந்து கதவில் சுற்றிப் பூட்டினார். இனிமேல் சங்கத்துக்காரர்கள் யாரும் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றார். மாரிஸ் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். தான் செப்பனிட்ட கதவையே பார்த்துக்கொண்டு நின்ற அந்த முதுகை டெரிக்கால் பார்க்க முடியவில்லை. ஒற்றை நட்சத்திரமெல்லாம் இதற்கு முன்னால் வாழ்த்து அட்டை.

எல்லாரும் போன பிறகு அவர் சமையலறைக் கதவைத் தட்டினார். மிஸஸ் போரெட் கதவை ஒரு சாண் அகலம் திறந்தார். மஞ்சள் ரப்பர் பூட்ஸ், கையில் முயல் படம் போட்ட கோப்பை.

"மூணு தடவ என்ன ஃபெயிலாக்கினீங்க, மிஸ்டர் சிலெட்."

"ரெண்டு தடவதான் மேடம். மூணாவது தடவ பாதியிலயே இறக்கி விட்டுட்டீங்க."

"யார?"

"என்னைய."

அதை அவர் மறுக்கவில்லை. "இப்ப மூணாவது அத்தியாயத்துல கொன்னும் போட்டுட்டீங்க."

"அது நீங்க இல்ல மேடம். கற்பனை."

மிஸஸ் போரெட் தன் மஞ்சள் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். பிறகு முயல் கோப்பையைப் பார்த்தார். பிறகு டெரிக்கைப் பார்த்தார். "செத்தது கூடப் பரவால்ல. வயசாச்சு, போகட்டும். ஆனா சாகறதுக்கு முன்னாடி அந்தக் கடங்காரனுக்கு நான் இலை டீ போடாம, நூல் கட்டின பை டீ போட்டுத் தரேன். எங்க வீட்ல நீங்க என்னிக்காவது பை டீ குடிச்சிருக்கீங்களா?"

"இல்ல மேடம். நீங்க உள்ள கூப்பிட்டதே இல்ல."

"இப்பவும் கூப்பிடல."

தோண்டினவர்கள் சங்கத்துக்காரர்கள் இல்லை, அவர்கள் செத்தாலும் குழியைத் திறந்து போட மாட்டார்கள், தப்பு என்னுடையது, கதவை எனக்கு மட்டும் சாத்துங்கள், மாரிஸுக்குச் சாத்தாதீர்கள் என்று டெரிக் கேட்டார்.

"குழி இருக்கற வரைக்கும் மனுஷனும் வரக்கூடாது, ஆடும் வரமுடியாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"நான் மூடிடறேன்."

"அந்தச் சத்தம் போடற கருவி?"

"கொண்டு வரல. மண்வெட்டிதான்."

கதவு மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து ஜன்னல் திறந்து, வேலிப் பூட்டின் சாவி புல்லில் வந்து விழுந்தது.

தன் கையால் தோண்டிய குழியை மூடுவது சுலபம். புல்லை மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நாலாவது பக்கத்தைக் கீல் போல விட்டு, மூடியைத் திறக்கிற மாதிரி மடிப்பார்கள். மண்ணை ஒரு துணியில் எடுத்து வைப்பார்கள். வேலை முடிந்ததும் மண்ணைக் கொட்டி, புல்லை மடக்கி, உள்ளங்கையால் தட்டிவிட்டு எழுந்தால் மறுநாள் ஆட்டுக்குக்கூட அடையாளம் தெரியாது. அடுத்தவன் பிய்த்து எறிந்த குழி அப்படியில்லை. எந்தப் புல் துண்டு எந்தக் குழியுடையது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றின் ஓரம் வளைந்திருக்கும். இன்னொன்றில் முள்செடியின் வேர் பாதி அறுந்திருக்கும். அதன் மறுபாதி எந்தக் குழியில் இருக்கிறதோ அதுதான் அதன் வீடு. டெரிக் முழங்காலிட்டுத் தவழ்ந்தார். துண்டுகளைத் தூக்கிக்கொண்டு குழி குழியாய் அலைந்தார். பொருத்தினார், பொருந்தவில்லை, எடுத்தார். தூறல் விடாமல் பெய்தது. அன்று இருட்டும்வரை உழைத்தும் வயலின் ஒரு மூலைதான் முடிந்தது. வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் காலையில் நாற்காலியிலிருந்துதான் கிளம்பினார்.

மறுநாள் மத்தியானம் வேலியோரம் வினிகர் வாசனை அடித்தது. டெரிக் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு புல் துண்டைத் தூக்கி ஒரு குழியில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"அது அந்தக் குழியோடது இல்ல" என்றது மாரிஸின் குரல். கடிக்கிற சத்தம். "அந்தப் பக்கம். அதுக்கு அடுத்தது. கண்ணு தெரியலன்னா எதுக்குப் புத்தகம் எழுதற?"

டெரிக் அடுத்த குழியில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. மாரிஸ் வேலியைத் தாண்டி வந்தார். அவர் கையிலும் மண்வெட்டி இருந்தது. ஓடைப் பக்கத்திலிருந்து தொடங்கினார். இருவரும் வயலின் இரு முனையிலிருந்து, எப்போதும் போல, நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். எப்போதும் போல இல்லாதது பேச்சு மட்டும்தான். டெரிக் ஒருமுறை வாயைத் திறந்தபோது, சும்மா மூடு, குழியைச் சொன்னேன் என்றார் மாரிஸ்.

நடுவுக்கு வருவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். ஓர் ஆணும் பெண்ணும், ஒரே மாதிரிச் சிவப்பு மழைக்கோட்டு, விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புதுக் கருவி. பெண்ணின் கக்கத்தில் 'ஏழாவது மோதிரம்'. பக்கங்கள் கசங்கி, ஓரம் சுருண்டு, உள்ளே கலர் கலராகக் காகித நாக்குகள் நீட்டிக்கொண்டிருந்தன. அப்படிப் படிக்கப்பட்ட பிரதியை டெரிக் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

அவள் பின்னட்டையிலிருந்த படத்தைப் பார்த்தாள். சேற்றில் முழங்காலிட்டிருந்தவரைப் பார்த்தாள். "ஐயோ, நீங்களா! டாரன், இங்க பாரு, இவரேதான். சார், நாங்கதான் புதையல் ஜோடி. அஞ்சு ஸ்டார் போட்டோமே, பாத்தீங்களா?"

"பார்த்தேன்" என்றார் டெரிக்.

"போன வாரமே வந்துட்டோம் சார்" என்றான் அவன் பெருமையாக. "நீங்க எழுதின மரத்த வெச்சே கண்டுபிடிச்சோம். பாதி வயல் முடிச்சாச்சு. லியோனார்ட் மாதிரியே அப்பிடியே தெறந்து வெச்சுட்டுப் போனோம். கவனிச்சீங்களா?"

கொஞ்ச தூரத்தில் மாரிஸின் மண்வெட்டிச் சத்தம் நின்றது.

டெரிக் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். கெட்ட முகமே இல்லை. அவர் எழுதியதை இரண்டு முறை படித்து, சொன்னதையெல்லாம் நம்பி, சொன்னபடியே செய்த இரண்டு ஜீவன்கள். உலகத்தில் அவர்கள் இரண்டு பேர்தான். அவள் புத்தகத்தை விரித்துப் பேனாவை நீட்டினாள். ஒரு கையெழுத்துப் போட்டு, சிரித்து, இந்த வயல் இல்லை, வேற எங்கயோ என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஐந்து நட்சத்திரமும் தங்கும். அவர்கள் அடுத்த வயலைத் தேடிப் போவார்கள். அங்கே வேறொரு மாரிஸ் நிற்பான்.

"மோதிரம் இல்லம்மா" என்றார்.

"எது?"

"ஏழாவது மோதிரம். நான் எதையும் எங்கயும் பொதைக்கல. கடைசிப் பக்கத்துல போட்டது விக்கறதுக்காகப் போட்ட பொய். நானும் சரின்னு தலையாட்டினேன். குழியத் தெறந்து வெச்சதும் அப்பிடித்தான். எந்தத் தேடறவனும் அப்பிடிச் செய்யமாட்டான். கொலை பண்றவன்கூட." மண்வெட்டியின் கைப்பிடியை அவர்கள் பக்கம் திருப்பினார். "இன்னும் பாக்கி இருக்கு. நாலு பேரா மூடினா மழை பலக்கறதுக்குள்ள முடிஞ்சுடும்."

அவர்கள் மண்வெட்டியைப் பார்த்தார்கள். அவரைப் பார்த்தார்கள். டாரனின் காது மெல்லச் சிவந்தது. இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வந்தோம் என்றான். அந்தப் பெண் பேனாவை மூடினாள். காகித நாக்குகளைத் தடவி உள்ளே தள்ளினாள். அதுதான் டெரிக்குக்கு வலித்தது. இரண்டு சிவப்புக் கோட்டுகளும் வேலியைத் தாண்டிப் போயின.

மாரிஸ் ஏதாவது சொல்வார் என்று டெரிக் எதிர்பார்த்தார். மாரிஸ் ஒரு வெங்காயத்தை வாயில் போட்டுக்கொண்டு குனிந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே ஐந்து நட்சத்திரம் ஒன்றாகிவிட்டது. 'எழுத்தாளரை நேரில் பார்த்தோம். கையெழுத்துக் கேட்டால் மண்வெட்டியை நீட்டுகிறார். ஏழாவது மோதிரம் என்று ஒன்று கிடையவே கிடையாதாம், அவரே சொன்னார். சுத்த ஏமாற்று. யாரும் தேடிப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.' கீழே வழக்கமான கேள்வி: இந்த விமர்சனம் உங்களுக்கு உதவியதா? டெரிக் 'ஆம்' என்பதை அழுத்தினார். மற்றவர்களும் அழுத்தியிருப்பார்கள் போலிருக்கிறது; சில நாளில் அது எல்லா விமர்சனங்களுக்கும் மேலே போய் உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு அந்த வயலைத் தேடி ஒருவரும் வரவில்லை. புத்தகத்தைத் தேடியும்தான். ஃபெலிசிட்டி இப்போது தொலைபேசியில் வருவதில்லை.

கடைசிக் குழியும் மூடியான பிறகு மிஸஸ் போரெட் டிராக்டரில் வந்தார். சாலையில் காரோட்டத்தான் அவருக்கு உரிமம் இல்லை, சொந்த வயலில் யாரும் அவரை ஃபெயிலாக்க முடியாது. வயலை இரண்டு சுற்று சுற்றினார். இறங்கி ஓர் இடத்தில் பூட்ஸால் அழுத்திப் பார்த்தார். மாரிஸைக் கூப்பிட்டு, சங்கம் ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்றார். டெரிக் பக்கம் திரும்பாமலே மேற்கொண்டும் சொன்னார்: அந்த ஆளும் வரட்டும், ஆனால் கருவி வேண்டாம். மண்வெட்டி மட்டும். மற்றவர்கள் தோண்டுவதை மூடிக்கொண்டு பின்னால் வரட்டும். எத்தனை நாளைக்கு என்று மாரிஸ் கேட்டதற்கு, நான் நாலாவது அத்தியாயத்தில் உயிரோடு வருகிறவரைக்கும் என்றார்.

சங்கத்துக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. அந்த ஞாயிறு பிரெண்டா வேண்டுமென்றே தகரத் துண்டுக்கெல்லாம் குழி தோண்டப் போவதாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை டெரிக் பூட்ஸைக் கட்டிக்கொண்டு ஜன்னலருகே உட்கார்ந்தார். கை சும்மா இருக்காமல் விமர்சனப் பக்கத்தைத் திறந்தது. புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் மாரிஸின் பழைய விமர்சனம் மாறியிருந்தது. நட்சத்திரம் அதே ஒன்றுதான். வெறுமையாக இருந்த இடத்தில் இப்போது எழுத்து இருந்தது.

'இவர் எழுதாமல் இருந்திருக்கலாம். குழி நன்றாக மூடுவார்.'

அவர் அதை மறுபடி படித்தார். மூன்றாம் முறை படிக்க முயன்றபோது வெளியே ஹாரன் அடித்தது, நீளமாக, பொறுமையில்லாமல். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்.